செல்லுபடியாகும் சொற்கள்

பழைய செக்ரோல் புத்தகத்தின் பின்பக்கங்களில்
கிலோ எழுதும் கட்டங்களுக்குள்
சொற்களை எழுதி வைத்திருக்கிறேன்.
ஆயி: அம்மன் அல்ல, மூன்று நகத்து மிருகம்,
கிளையில் தலைகீழாய்த் தொங்கித் தூங்கும்.
ஆ: நமக்குப் பசு,
அவர்களுக்கு ஆறிப்போன எரிமலைக் குழம்பு.
போ: கட்டிலுக்கடியில் வைக்கும் மூத்திரச் சட்டி.
துரை பங்களாவில் ஒன்று இருக்கிறது,
இப்போது அதில் பூ வைக்கிறார்கள்.

க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே தீருமென்று
டிக்கோயாவில் படிக்கும்போது அடித்துச் சொன்னார்கள்.
வரவேண்டியதில்லை.
க்யூ, ஐ. வாசித்தால் சீ.
பொருள், உயிர்மூச்சு. பதினொரு புள்ளி.

நிறுவைக் கொட்டிலில் இதைச் சொன்னபோது
பாக்கியநாயகி சாக்கை இறக்காமலே நின்றாள்.
"காலங்காத்தால யார சீங்கிறீங்க, கிளாக்கரம்மா?"

அவளுக்கு நாளுக்கொரு சொல் வேண்டும்.
பிடித்ததை இடுப்புப் படங்குக்குள் போட்டுக்கொண்டு போவாள்,
பிடிக்காததை அங்கேயே துப்புவாள்.

மழை விடாத ஒரு நாள்: சி, டபிள்யூ, எம்.
கூம்.
மூன்று பக்கம் மலை சரிந்து நடுவில் விழுந்த குழி.
"நம்ம ஏழாம் நம்பர் மலைக்குக் கீழ கெடக்கே,
அதுக்கா இம்புட்டு?"
இதில் உயிரெழுத்தே கிடையாது, மெய் மட்டும்தான் என்றேன்.
"உயிரில்லாம மெய் எப்புடி நிக்கும்?"
கெண்டைக்கால் அட்டையை உப்புத்துணியால் உருவிக்கொண்டே
அவளே சொன்னாள்:
"நிக்கும் நிக்கும்.
பின்னேரம் நாலு மணிக்கு மலைக்கு வந்து எங்களப் பாருங்க."

*

ஹட்டன் நகர மண்டபம். கடைசிச் சுற்று.
ஜன்னலில் பனி, தகரத்தில் மழை,
எதிரே கண்டியிலிருந்து வந்த தாரிந்தி,
மணிக்கூட்டைத் தட்டும்போது மட்டும் இரக்கமில்லாதவள்.
ஐம்பத்தெட்டுப் புள்ளி பின்னால் நான்.
கையிலிருந்த ஏழு எழுத்தை
வலமிடம் மாற்றினேன், கலைத்தேன், மறுபடி மாற்றினேன்.
அது தானாக எழுந்து நின்றது.

கூலிகள்.
ஆங்கிலத்தில். அவர்கள் எங்களிடமிருந்து எடுத்துப்போய்
எங்களுக்கே பெயராய் வைத்தது.

பலகையில் ஏற்கெனவே தேயிலை கிடந்தது, ஒருமையில்.
என் கடைசி எழுத்து அதன் வாலில் ஒட்டி
அதையும் பன்மையாக்கும்.
எழுத்துக்கு எழுத்து கூட்டினால் ஒன்பது.
இளஞ்சிவப்புக் கட்டத்தில் இரட்டித்துப் பதினெட்டு,
பதினெட்டுக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர்,
விரல் தன்பாட்டில் கணக்குப் போட்டது.
ஏழையும் இறக்கினால் போனஸ் ஐம்பது.
தேயிலைக்கு நாலு.
எழுபத்திரண்டு.

வைத்தேன்.
வெட்கமா, வெறியா, தெரியவில்லை. கை நடுங்கவில்லை.

தாரிந்தி சவால் என்றாள்.
எழுத்துப்பிழை இருக்குமென்று நினைத்தாளாம்.
பெர்ட்ரம் சேர் கண்ணாடியைத் துடைத்து
அமைப்பாளர்களின் பட்டியலைப் புரட்டினார்.
சொல் இருந்த வரிமேல் கறுப்பு மார்க்கர்.
மரியாதைக் குறைவான சொற்களை
இந்தப் போட்டியிலிருந்து நீக்கியிருக்கிறோம், மிஸ், என்றார்,
என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

பூச்சியம்.

ஏழு எழுத்தையும் திரும்ப எடுத்துத் தட்டில் நிறுத்தினேன்.
சொல்லை எடுத்துவிட்டார்கள். நல்லது.
மாதக் கடைசியில் அந்தத் தொகையை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவேன்?

அடுத்த முறைக்குப் புறாவின் குனுகலை வைத்தேன்.
மூன்றெழுத்து. ஐந்து புள்ளி.

*

திங்கள் பின்னேரம் நிறுவை.
தராசு முள் பத்தொன்பதரையில் நின்றது.
சாக்குக்கும் மழைத்தண்ணிக்கும் ரெண்டு கழிக்கவேண்டும்,
அப்படித்தான் உத்தரவு.
"இன்னைக்கு என்ன சொல்லு?" என்றாள் பாக்கியநாயகி.
இன்னைக்குச் சொல் இல்லை என்றேன்.
அவள் முகம் கொஞ்சம் விழுந்தது.

பதினெட்டு என்று எழுதினேன்.
கொட்டிலைச் சுற்றிப் பார்த்தேன்.
கணக்குப்பிள்ளை குடையை உதறிக்கொண்டிருந்தார்.
ஒருவரும் சவால் விடவில்லை.